அலமாரி செய்து பார்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் பார்த்து முடித்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: "அலமாரி செய்து பார்." எங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்துவிட்டுச் சென்ற அன்பர்கள் சிலர், "யார் செய்தது? என்ன பலகை? எவ்வளவு ஆயிற்று?" என்று தொலைபேசியில் கேட்ட வண்ணம் இருக்கிறார்கள். "ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை எழுதியே கொடுத்துவிடுங்களேன்" என்றார் நம் இதழாசிரியர். எழுதிவிட்டேன்.

பெட்டியிலிருந்து அலமாரிக்கு

சிவில் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்தேன். தண்டவாளமும் பாலமுமாக 38 ஆண்டுகள் ஓடி, 2019-ல் நாகபுரியில் ஓய்வு பெற்றேன். இடையில் பதினொரு மாற்றல்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியும், சுவருக்குள் பதித்த சிமெண்ட் தட்டுகள்தான் நமக்கு அலமாரி. மற்றதெல்லாம் இரும்பு டிரங்குப் பெட்டிகளில். எங்களிடம் ஆறு இருந்தன. மூடியில் வெள்ளை பெயிண்டில் என் பெயர், அதன்கீழ் அடித்து அடித்து எழுதிய ஊர்ப் பெயர்கள். எப்போது ஆர்டர் வந்தாலும் பூட்டைப் போட்டு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

அஜ்னிக்குப் பக்கத்தில் சொந்த வீடு வாங்கிக் குடிவந்த பிறகும் அந்த ஆறு பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. 2022 மழைக்காலத்தில் என் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் ஆயிற்று. பெட்டியை இழுக்கக் கூடாது, குனிந்து கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் பெட்டியை இழுத்துத் திறந்து புடவை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு அதில் சிரமமில்லை. அவளுக்குத்தான் இருந்தது. "என் புடவையை எடுக்க இன்னொருத்தரைக் கூப்பிட வேண்டியிருக்கே" என்று ஒரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு அலமாரி என்பது அலங்காரச் செலவாக எனக்குத் தோன்றவில்லை.

அலமாரி என்ற சொல்லே போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மேஜையும் ஜன்னலும் சாவியும்கூட அப்படித்தான். சொல்லைக் கொடுத்தவர்கள் அளவைக் கொடுக்கவில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யாரிடம் கொடுப்பது?

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் திரையில் அலமாரியை வண்ண வண்ணமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். விலை ரூ. 1,62,000. உள்ளே என்ன பலகை என்று கேட்டேன். பார்ட்டிகிள் போர்டு என்றார்கள். மரத்தூளையும் மரச் சிம்புகளையும் பசையில் குழைத்து அழுத்தியது. கடைச் சரக்கிலும் நல்லது உண்டு. மெஷினில் வெட்டுவதால் விளிம்பு சுத்தமாக இருக்கும், வீட்டில் தூசு பறக்காது, இரண்டு நாளில் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அவர்களுடைய அளவுகள் அவர்களுடையவை. தட்டை ஆறு அங்குலம் கீழே இறக்க முடியுமா என்று என் மனைவி கேட்டதற்கு, "இந்த மாடலில் வராது மேடம்" என்று பதில் வந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு நான் செய்தது இதுதான். தெரிந்தவர்களிடம், "நல்ல தச்சர் யார்?" என்று கேட்கவில்லை. "உங்கள் வீட்டில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் செய்த மர வேலை ஏதாவது இருக்கிறதா, பார்க்கலாமா?" என்று கேட்டேன். புது வேலை எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். புதுப் பாலத்தில் குறை தெரியாது, நாலு வெள்ளம் பார்த்த பாலம்தான் உண்மையைச் சொல்லும். மூன்று வீடுகளில் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து பாதியில் விட்டேன். தானாக ஆடிப்போய் மூடினால் கீல் தொய்ந்திருக்கிறது என்று பொருள். இழுப்பறையை முழுதும் இழுத்தேன். தட்டின் நடுவில் நூல் பிடித்துத் தொய்வு பார்த்தேன். ஒரு வீட்டில் ஏழு வருஷத்து அலமாரி அப்படியே நின்றது. அந்த மிஸ்திரியை வரச் சொன்னோம்.

உத்தரப்பிரதேசத்துக்காரர். நாகபுரியில் 22 வருஷமாக வேலை செய்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. அதிகம் பேசாதவர்.

சாக்பீஸ் கோடு

வெளி அளவுகளை நான் வரைந்து வைத்திருந்தேன். அகலம் 8 அடி, உயரம் 7 அடி, ஆழம் 24 அங்குலம், ஆறு கதவு. ஆழம் 24 என்பதற்குக் காரணம் உண்டு. சட்டை மாட்டும் ஹேங்கர் 17 அல்லது 18 அங்குல அகலம். துணி கதவில் உரசாமல் இருக்க உள்ளே 22 அங்குலமாவது வேண்டும். இன்னொன்று, ப்ளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால் 24 அங்குலம். வீணாவதில்லை.

உள்பக்கத்தை மட்டும் வெற்றாக விட்டிருந்தேன். அதைப் புழங்குகிறவளிடம் கேட்காமல் கோடு போடக் கூடாது என்பது என் கட்சி. மிஸ்திரி அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு, "மாதாஜி எங்கே?" என்றார். அவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, "வலிக்காத வரைக்கும் கையைத் தூக்குங்கள்" என்றார். அவள் தூக்கிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு குனியாமல் கையைத் தொங்கவிடச் சொல்லி, விரல் நுனியிலிருந்து சற்றுக் கீழே இன்னொரு கோடு. டேப் பிடித்துப் பார்த்தேன். மேல் கோடு தரையிலிருந்து 56 அங்குலம், கீழ்க் கோடு 20 அங்குலம்.

"மாதாஜியின் தினசரிச் சாமான் எல்லாம் இந்த இரண்டு கோட்டுக்குள். மேலே இருப்பது சாஹபுக்கு" என்றார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ டிராயிங் பார்த்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான ஒன்றைப் பார்த்ததாக நினைவில்லை.

அன்று மாலை ஆறு டிரங்குப் பெட்டிகளையும் திறந்து தரையில் பரப்பினோம். அலமாரி செய்யப் போகிறவர்கள் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும். எங்கள் கணக்கு: நூல் புடவை 41, பட்டு 19, அவள் அம்மாவின் புடவைகள் 5, என் சட்டை பேண்ட் 30-க்குள், கம்பளி, போர்வை, ஒரு பெட்டி நிறையக் காகிதங்கள். எண்ணிய பிறகுதான் தெரிந்தது, எங்களுக்குத் தொங்கவிடும் இடம் குறைவாகவும் மடித்து வைக்கும் இடம் அதிகமாகவும் வேண்டும். கடை மாடல்களில் நான் பார்த்தது இதற்கு நேர்மாறு.

இடப்பக்கம் அவளுக்கு ஹேங்கர் கம்பி, 54 அங்குல உயரத்தில். நடுவில் மடித்த புடவைகளுக்குத் தட்டுகள். பட்டுப் புடவைக்குத் தட்டு வேண்டாம், இழுப்புத் தட்டு வைக்கலாம் என்றார் மிஸ்திரி. இழுத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அடியில் இருப்பதை உருவ வேண்டியதில்லை. வலப்பக்கம் என் பகுதி, அதில் பூட்டுள்ள ஓர் இழுப்பறை. பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திரம், பாஸ்புத்தகம் எல்லாம் அதில். சாவி இருக்கும் இடம் இருவருக்கும் தெரியும்.

பலகை தொய்யும் கணக்கு

தட்டுகளின் நீளத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 8 அடியை இரண்டாகப் பிரித்து நாலடித் தட்டு போட்டால் ஒரு குறுக்குப் பலகை மிச்சமாகும். ஆனால் பாலத்துக்கு உள்ள விதிதான் தட்டுக்கும். தட்டு முழுதும் ஒரே சீராகத் துணி அடுக்கினால், இரு தாங்கலுக்கு நடுவே உள்ள நீளம் இரட்டிப்பானதும் தொய்வு இரட்டிப்பாகாது, பதினாறு மடங்காகும். பலகையின் கனத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். ஆகையால் 8 அடியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 2 அடி 8 அங்குலம் என்று வைத்தோம். 18 மி.மீ. பலகைக்கு மூன்றடிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

எந்தப் பலகை?

நாகபுரியில் இருந்துகொண்டு தேக்கு வேண்டாம் என்று சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். சந்திரபூர், பல்லார்ஷா காட்டுத் தேக்கு நாடெங்கும் பேர் பெற்றது. 2023 மே மாதம் திறந்த புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் நாகபுரித் தேக்குதான் போயிற்று. ஆனால் அகலப் பலகையாகத் தேக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. எனவே ப்ளைவுட், விளிம்புகளுக்கு மட்டும் தேக்குப் பட்டி.

ப்ளைவுட்டில் தரம் பார்த்து வாங்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கு. அதில் இரண்டு வகை: எம்.ஆர். என்றால் ஈரப்பதம் தாங்கும், பி.டபிள்யூ.ஆர். என்றால் கொதிநீரும் தாங்கும். ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான பரீட்சை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் அது வேண்டும். படுக்கையறைக்கு பி.டபிள்யூ.ஆர். போதும்.

எம்.ஆர். போதாதா என்று கேட்கலாம். நாகபுரி வெயிலில் ஈரம் ஏது? இருக்கிறது. மே மாதம் 45 டிகிரி அடிக்கும்போது வீட்டுக்கு வீடு கூலர் ஓடுகிறது. அது ஈரக் காற்றைத்தான் அறைக்குள் தள்ளுகிறது. கூலர் முடிந்ததும் மழை. ஆக நான்கைந்து மாதம் அலமாரி ஈரத்தில்தான் நிற்கிறது.

எங்களுக்குத் தேவைப்பட்டது: 18 மி.மீ. ஷீட் 7, இழுப்பறைக்கு 12 மி.மீ. ஷீட் 1, முதுகுப் பலகைக்கு 6 மி.மீ. ஷீட் 2. லக்கட்கஞ்ச் மரக்கடையில் வாங்கினோம். இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல கடைகளில் தச்சருக்குக் கமிஷன் உண்டு. இது ரகசியமும் அல்ல. முதல் நாளே மிஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்: "சாமான் நான் வாங்குகிறேன். கடையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியதைக் கூலியில் சேர்த்துத் தருகிறேன். பலகையைத் தேர்ந்தெடுக்க மட்டும் கூட வாருங்கள்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதற்கப்புறம் அவர் கண் என் பக்கம் வேலை செய்தது. வண்டியில் வந்து இறங்கிய பத்து ஷீட்டில் இரண்டின் முத்திரையைப் பார்த்து, "இது எம்.ஆர்., திருப்பி அனுப்புங்கள்" என்று சொன்னவர் அவர்தான். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்.

வெட்டிப்போட்ட துண்டு ஒன்றைப் பழைய பாத்திரத்தில் நாலு மணி நேரம் கொதிக்க வைத்தும் பார்த்தேன். அடுக்கு பிரியவில்லை. "சாம்பார் தயாரா?" என்று மனைவி கேட்டாள்.

நூலும் சூத்தும்

வேலை தொடங்கிய இரண்டாம் நாள். தூக்குக்குண்டு பிடித்ததில், சுவர் 7 அடிக்குள் அரை அங்குலம் சாய்ந்திருந்தது. கட்டட வேலையில் இது சகஜம். அலமாரியைச் சுவருக்கு ஒட்டச் சாய்க்கக் கூடாது. அடிக்கட்டையை ரசமட்டம் வைத்து நேராக்கி, பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, சுவரோரச் சந்தை ஒரு பட்டியால் மூட வேண்டும். பெட்டி சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை டேப் பிடித்தால் போதும். இரண்டு குறுக்களவும் ஒன்றானால் சதுரம்.

கதவுக்கு நடுவே எவ்வளவு சந்து விடுவது என்று பேச்சு வந்தது. மிஸ்திரி, "ஏக் சூத்" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. வடக்கே தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சூத் என்பார்கள். சூத் என்றால் நூல். நம் ஊர் ஆசாரியும் அதே எட்டில் ஒன்றைத்தான் நூல் என்கிறார். எட்டு நூல் ஓர் அங்குலம். மராத்தியில் தச்சருக்குச் சுதார் என்று பேர், நூல் பிடிக்கும் சூத்ரதாரன் என்ற சொல்லிலிருந்து வந்தது. "எங்கள் ஊரிலும் இதே பேர்தான்" என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் 'சூத்' என்பார், நான் 'நூல்' என்பேன். வேலை ஒரே அளவில்தான் நடந்தது.

ஒரு நூல் ஏறத்தாழ 3 மி.மீ. ஷீட்டை ஒரு முறை அறுத்தால் வாள் ஒரு நூலைத் தின்றுவிடும். கணக்குப் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆறு கதவுக்கும் இடையே நூல் சந்து போக ஒவ்வொரு கதவும் 403 மி.மீ. மூன்று கதவு 1209, இரண்டு அறுப்புக்கு 6, மொத்தம் 1215. ஷீட்டின் அகலம் 1220. ஒரு ஷீட்டில் மூன்று கதவு கச்சிதமாக வந்துவிட்டது. நீளத்தில் மிஞ்சிய துண்டு இழுப்பறை முகப்புக்குப் போயிற்று.

மூன்று விஷயங்களை மூடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒன்று, கதவுக்கு வெளிப்பக்கம் மைக்கா ஒட்டினால் உள்பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். இரண்டு, ஏழடிக் கதவுக்கு நான்கு கீல். மூன்று போதும் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று, முதுகுப் பலகை சுவரைத் தொடாமல் அரை அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும், கரையான் மருந்தும் அதற்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

கூலிக் கணக்கு

கூலி முன்பக்கப் பரப்புக்குச் சதுர அடிக் கணக்கு. எட்டுக்கு ஏழு, 56 சதுர அடி. ஒரே பக்கத்தில் இந்தியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்: என்ன பலகை, எத்தனை இழுப்பறை, எத்தனை கீல், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். பெட்டி நின்றதும் ஒரு பங்கு, கதவு மாட்டியதும் ஒரு பங்கு, முடிந்ததும் மீதி.

இதில் ஒன்றில்தான் பேச்சு நின்றது. ரயில்வேயில் கான்ட்ராக்டரின் செக்யூரிட்டி டெபாசிட்டைப் பராமரிப்புக் காலம் முடிந்துதான் திருப்பித் தருவோம். அந்தப் பழக்கத்தில், கூலியில் பத்தில் ஒரு பங்கு மழை முடிந்து தரலாமா என்று கேட்டேன். ஏறத்தாழ ரூ. 3,000. அவர் முகம் மாறியது. "கம்பெனிக்காரருக்கு மூவாயிரம் பெரிசில்லை சாஹப். எனக்கு அது ஒரு மாச வாடகை. முழுசும் கொடுங்கள். மழைக்கு அப்புறம் நான் வராவிட்டால் இந்தத் தெருவில் எனக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த ஏழு வருஷத்து அலமாரியை நினைத்துக்கொண்டேன். இந்தத் தெருவில் இருக்கும் நல்ல பெயர்தான் இவருடைய டெபாசிட். காகிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, 'மழைக்குப் பின் ஒரு முறை வந்து சரிபார்க்க வேண்டும்' என்று எழுதினோம்.

2023 பிப்ரவரியில் தொடங்கி 19 நாளில் வேலை முடிந்தது. பலகை, மைக்கா, கீல், பசை, வண்டிக்கூலி, தச்சுக்கூலி எல்லாம் சேர்த்து ரூ. 91,400. அந்த 19 நாளும் வீடு முழுக்க மரத்தூள், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம். அதற்குள் இரண்டு கதவுகள் ஒன்றையொன்று உரசத் தொடங்கியிருந்தன. நான் போன் செய்யும் முன்பே மிஸ்திரி வாசலில் நின்றார், கையில் ஸ்க்ரூ டிரைவரும் இழைப்புளியும். கீல் திருகைத் திருப்பிக் கதவுகளை நேராக்கினார். ஓர் இழுப்பறையை அரை நூல் இழைத்தார். அரை மணி நேர வேலை. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மனைவி கொடுத்த காபியும் முறுக்கும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவள் தோள் இப்போது கொஞ்சம் தேவலை, ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. இருந்தாலும் காலையில் என்னைக் கூப்பிடுவதில்லை. இழுப்புத் தட்டு இழுபடும் சத்தம்தான் கேட்கிறது. மூன்று டிரங்குப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டோம். மீதி மூன்று, ஊர்ப் பெயர்களோடு, மொட்டை மாடி அறையில் இருக்கின்றன.

அன்பர்களுக்கு நான் சொல்வது சுருக்கம். வைக்கப்போகும் சாமானை முதலில் எண்ணுங்கள். புழங்குகிறவரைச் சுவரோரம் நிறுத்திக் கை எட்டும் இடத்தில் கோடு போடுங்கள். பழைய வேலையைப் பார்த்து ஆளைப் பிடியுங்கள். பேசியதைக் காகிதத்தில் எழுதுங்கள். எழுதியபடி கூலியைத் தாமதிக்காமல் கொடுங்கள். பட்டுப் புடவையை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், நாப்தலின் உருண்டை ஜரிகைமேல் படக்கூடாது. மழை விட்டதும் ஒரு வெயில் நாளில் கதவுகளை அகலத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள்.

யாராவது அலமாரி செய்ய உத்தேசித்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். டிகிரி காபி ஒன்று போதும்.